ஏழு காஜா

ஜனவரி 12

என் அன்புள்ள தையல்காரருக்கு,

இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். நேற்று ஏழு நிமிடம் பேசினோம். ஆறு நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் "ஹலோ, கேக்குதா?" செல்போனை வளாகத்து வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதால், விடுதியில் இருக்கும் ஒரே போனுக்கு இருபது பேர் வரிசை கட்டுகிறோம். எனக்குப் பின்னால் நின்ற பெண் இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், "அக்கா, அண்ணன் சமாதானம் ஆயிட்டாரா?" என்று கேட்கிறாள். மானம் போகிறது. கடிதத்தில் ஒரு வசதி உண்டு, நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் டொக்கென்று வைக்க முடியாது.

வந்து ஐந்து வாரம் ஆகிறது. அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு டெக்னீஷியன் ஆகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் உலையைக் கண்ணால் பார்க்கவில்லை. உள்ளே போனால் எப்படி வெளியே வருவது என்பதைத்தான் படிக்கிறோம். ஓவரால், இரண்டு ஜோடி கிளவுஸ், தலைக்கு உறை, காலுக்கு உறை. போடுவதற்குப் பத்து நிமிடம், கழற்றுவதற்குக் கால் மணி நேரம். வெளிப்பக்கம் உடம்பில் படாமல் உரித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு விரல் தவறினால் மறுபடி முதலிலிருந்து. அதன்பிறகு கதிர்வீச்சை அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, மேலே படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்துக் காட்டிக்கொண்டே வர வேண்டும். விநாடிக்கு இரண்டு விரல் அகலம். அதற்கு மேல் வேகம் கூடாது.

அந்த வேகம்தான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. பதினொரு வருடம் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில், மணி அடிப்பதற்குள் நாற்பது குடுவை கழுவிய கை இது. நிதானத்துக்கு எங்கே போவேன்? பயிற்சி கொடுக்கும் மேடம் என்னைவிட ஏழு வயது சின்னவள். "மெதுவா, மெதுவா" என்றே உயிரை வாங்குகிறாள். அவளுக்கு மெதுவா மேடம் என்று பேர் வைத்துவிட்டோம்.

சீருடைத் துணி இத்துடன் தனிப் பார்சலில் வருகிறது. முழுக்கை, கழுத்து வரை பொத்தான். அளவு உங்களுக்குத் தெரியும், ஐந்து வாரச் சாப்பாட்டில் இரண்டு விரல் இளைத்திருக்கிறேன். தையல்காரர் பெண்டாட்டி கடைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் உங்களுக்குத்தான் கேவலம்.

பாப்பாவைக் கத்தாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஜடையைத் தானே பின்னிக்கொள்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 20

பாப்பாவின் அம்மாவுக்கு,

துணி வந்தது. பீரோவில் வைத்திருக்கிறேன். நான் தைக்கப்போவதில்லை. உன் மெதுவா மேடத்துக்கு யார் தைக்கிறானோ அவனையே கேட்டுக்கொள்.

நீ பெரிய படிப்புப் படிக்கிறாய், சந்தோஷம். இங்கே நான் படும் பாட்டைக் கேட்க ஆள் இல்லை. விடிந்தால் பாப்பாவுக்கு டிபன், அப்புறம் கடை, சாயங்காலம் வீட்டுப்பாடம். கணக்கில் எனக்கே தெரியாததை எல்லாம் கேட்கிறாள். தூக்கம் சரியில்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடும்போதே வேர்த்துக் கொட்டுகிறது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுவிட்டேன். உன்னை மாதிரி நானும் இளைத்திருக்கிறேன், எனக்கு மட்டும் சர்டிபிகேட் தர யாரும் இல்லை.

போன வாரம் பாங்க் மேனேஜர் பேண்ட்டை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "என்னப்பா, தையல் இப்படிப் பாம்பு மாதிரி போகுது?" என்றார். "அப்ப வேற கடைக்குப் போங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். பதினாறு வருட வாடிக்கை. போய்விட்டார். இதற்கெல்லாம் யார் காரணம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஊரில் வேறு வேலையா இல்லை? விஷத்தைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார ஒரு படிப்பு, அதற்கு ஒரு விடுதி. அந்த விஷத்தோடு நாளைக்கு இந்த வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்குவாய். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடு. வராவிட்டால் இப்படிக் கடிதம் போட்டுக்கொண்டும் இருக்க மாட்டேன்.

பாப்பாவின் அப்பா


ஜனவரி 27

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்து நிறுத்தினேன். சாக்கட்டியில் கோடு போட்டால் அடிஸ்கேல் தோற்றுப்போகும் உங்களுக்கு. அந்தக் கை எழுதிய வரி ஏறி இறங்கிக் கிடக்கிறது. நேராகவே கேட்கிறேன், குடிக்கிறீர்களா? கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

நான் வரப்போவதில்லை. உங்களுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கிறது. எந்தத் தெருவில் கொண்டுபோய் விட்டாலும் ஒரு மெஷினைப் போட்டுப் பிழைத்துக்கொள்வீர்கள். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள் என்றதும் எனக்கு என்ன மிஞ்சியது? குடுவை கழுவத் தெரியும் என்பதுதான். முப்பத்தாறு வயதில் இந்த ஒரு இடம் கிடைத்திருக்கிறது. இதையும் விட்டால் இனி யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்?

விஷம் விஷம் என்கிறீர்களே, விஷம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்குப் படாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் வேலையே. அதைக்கூடக் காதில் வாங்காமல் கத்துகிறீர்கள்.

இங்கேயும் எனக்குப் பூமாலை போடவில்லை. இரண்டு எச்சரிக்கை வாங்கியாகிவிட்டது. முதலாவது, உடம்பில் பட்ட அளவைக் காட்டும் பேட்ஜைத் தலையணைக்குக் கீழே மறந்துவிட்டு வேலை வாசல் வரை போய்விட்டேன். இரண்டாவது போன வியாழக்கிழமை. பயிற்சிக்கு ஒரு கிளவுஸில் கடுகளவு கதிரியக்கம் வைத்திருந்தார்கள். நான் மீட்டரைச் சரசரவென்று இழுத்துவிட்டு, "சுத்தமா இருக்கு மேடம்" என்றேன். அவள் அதே மீட்டரை வாங்கி நத்தை மாதிரி நகர்த்தினாள், கட்டைவிரல் நுனியில் கரகரவென்று கத்தியது. "அக்கா, மீட்டர் பதில் சொல்றதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிடறீங்க" என்றாள். எல்லார் முன்னாலும். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மூன்றாவது எச்சரிக்கை வாங்கினால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்போது உங்கள் ஆசை நிறைவேறும். அதுவரை பொறுங்கள். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு விடுமுறை தருவார்கள், வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 9

அன்புள்ளவளுக்கு,

குடிக்கவில்லை.

இந்த ஞாயிறு வராதே. அடுத்த ஞாயிறும் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன், ஒரே தூசி. பாப்பாவை அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறாள். கடையை இரண்டு வாரம் மூடியிருக்கிறேன்.

சட்டையைத் தைத்து அனுப்பியிருக்கிறேன். பொத்தான் நுழையும் காஜாவைக் கையால் போட்டேன். பார்க்க நன்றாக இல்லை. போட்டுக்கொள்.

பரீட்சைக்கு ஒழுங்காகப் படி.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கை கால் ஓடவில்லை. வா வா என்று போனிலும் கடிதத்திலும் என் பிராணனை வாங்கியவர், வராதே என்று எழுதுகிறீர்கள். பெயிண்ட் வாசனைக்கே தும்முகிறவர் பொங்கலெல்லாம் முடிந்த பிறகு வெள்ளையடிக்கிறீர்களாம். இரண்டு தடவை போன் செய்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். வீட்டில் நான் வரக்கூடாத அளவுக்கு என்ன நடக்கிறது என்று கண்டதையும் நினைத்தேன். நினைத்ததை எழுதவே கூசுகிறது.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் சட்டையை நேற்றுதான் முதல் தடவை போட்டேன். தோள் சரியாக உட்கார்ந்தது. முன்னால் ஏழு காஜாவும் கோணல்மாணலாக இருந்தன. என் மேல் உள்ள கோபத்தில் தைத்தது என்று எடுத்துக்கொண்டேன். முதல்முறையாக எங்களை உலைக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார்கள். சட்டையை லாக்கரில் மாட்டிவிட்டு ஓவரால் போட்டு உள்ளே போய், வந்து, எல்லாவற்றையும் முறைப்படி கழற்றி, மீட்டர் காட்டிச் சுத்தம் என்று எழுதிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். வெளிவாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மானிட்டர் உண்டு, அதற்குள் நின்றுதான் வெளியே போக வேண்டும். நான் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அலறியது. இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். கை கழுவச் சொன்னார்கள், உடம்பைப் பார்த்தார்கள், உடம்பில் ஒன்றுமில்லை. மெதுவா மேடம் வந்தாள். "ஓவராலுக்குள்ள சொந்தச் சட்டை போட்டிருந்தீங்களா?" என்றாள். "இல்ல மேடம்." "உள்ளேருந்து எதையாவது தொட்டுட்டு லாக்கரைத் திறந்தீங்களா?" "சத்தியமா இல்ல." அவள் நம்பவில்லை. என் வேகத்தைப் பார்த்தவள் எப்படி நம்புவாள்? மீட்டரை என் கையில் கொடுத்து, "எங்க இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்றாள்.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு அவசரப்பட என்ன இருக்கிறது? வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பார்த்தேன். சட்டையின் கை, தோள், முதுகு எல்லாவற்றிலும் மீட்டர் பேசாமல் இருந்தது. முன்பக்கம் கழுத்துக்கு வந்ததும் முதல் காஜாவில் கத்தியது. கீழே இறக்கினேன், அடங்கியது. இரண்டாவது காஜாவில் மறுபடி கத்தியது. அப்புறம் மூன்றாவதில். நடுவில் உள்ள துணியில் ஒன்றுமே இல்லை. ஏழு காஜாவிலும், ஏழில் மட்டும்.

நீங்கள் நூல் கோப்பது எனக்கு மனப்பாடம். நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, நாக்கால் ஒரு தடவு தடவி, முறுக்கி, ஊசியில் விடுவீர்கள். காஜாவுக்குக் காஜா புது நூல். கை சரியில்லாத நாளில் ஒரு நூலை நாலு தடவை வாயில் வைப்பீர்கள்.

மேடம் சட்டையை இன்னொரு மெஷினில் வைத்தாள். அயோடின் என்று காட்டியது. எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும் சரக்கு. இங்கே உலையை நிறுத்திப் பராமரிப்பு ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது, இங்கிருந்து வந்திருக்கவே முடியாது. "அக்கா, உங்க வீட்ல யாருக்காவது தைராய்டுக்கு வைத்தியம் நடக்குதா? ஆஸ்பத்திரியில இதைத்தான் குடுப்பாங்க, கொஞ்ச நாளைக்கு எச்சில்லயும் வரும்" என்றாள். "இல்ல" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, உங்கள் கையெழுத்து கண் முன்னால் வந்தது. வேர்வை, படபடப்பு, பெல்ட்டில் இரண்டு ஓட்டை, பாம்பு மாதிரித் தையல்.

சட்டையில் இருப்பது கொஞ்சம்தான், யாருக்கும் கெடுதல் இல்லை என்கிறாள். ஆனால் எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு படிவம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சான்று வைத்தால் இது என் தவறு இல்லை. வைக்காவிட்டால் மூன்றாவது எச்சரிக்கை. மார்ச் முதல் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும், நான் பெட்டியோடு வீட்டு வாசலில் நிற்பேன். நீங்கள் கேட்டதும் அதுதானே?

உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 24
(பதிவுத் தபால்)

என் மீட்டர்காரிக்கு,

நீ கேட்ட காகிதம் உள்ளே இருக்கிறது. டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருக்கின்றன. தேதி, அளவு எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள்.

சும்மா இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாயே. பொய் சொல்ல மாட்டேன். காகிதம் கைக்கு வந்த பிறகு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். மேனேஜர் பேண்ட்டுக்கு அப்புறம் ஒரு நாள் பாப்பா கவுனுக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்தேன். ஊசிக்காது அகப்படவில்லை. கை அப்படி நடுங்குகிறது. கத்திரிக்கோலை எடுத்துச் சுவரில் அடித்தேன். பாப்பா பயந்து மேசைக்கு அடியில் போய்விட்டாள். அங்கிருந்தபடியே, "அப்பா, டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள். போனோம். கழுத்துக்குள் ஒரு சுரப்பி கண்மண் தெரியாமல் ஓடுகிறதாம். இளைப்பது, வேர்ப்பது, தூங்காதது, எரிந்து விழுவது எல்லாம் அதன் வேலையாம். எனக்கு ஒரே குஷி. பெண்டாட்டியைத் திட்டியதெல்லாம் சுரப்பிதான், நான் இல்லை என்று. டாக்டரிடமே கேட்டேன். "பாதி அதுவா இருக்கலாம், மீதியை நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

ஈயப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மாத்திரை. கொடுத்தவர் நீளக் கிடுக்கியில் நீட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். நீ படிக்கப் போனதை நான் விழுங்கிவிட்டேன். தனித் தட்டு, தனிப் படுக்கை, பிள்ளையைத் தூக்கக்கூடாது, யார் பக்கத்திலும் உட்காரக்கூடாது என்று ஒரு தாள் நிறையச் சொன்னார்கள். நூலை வாயில் வைக்காதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. டெய்லருக்கு என்று தனியாகத் தாள் அடிக்கவில்லை போலிருக்கிறது.

உன் சட்டையை மாத்திரைக்கு முந்தின வாரமே மெஷினில் முடித்துவிட்டேன். காஜா மட்டும் பாக்கி. பின்னறையில் தனியாக என்னதான் செய்வது? இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். வேறு யார் துணியையும் தொடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று திட்டுவாய். உன் வேலையை விஷம் விஷம் என்று சொன்ன வாய்க்குள் அதையே போட்டுக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு எழுதுவது? சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருப்பாய். உன்னைச் சண்டை போட்டுக் கூட்டிவரத்தான் நினைத்தேன். வியாதியைக் காட்டிக் கூட்டிவர மனம் வரவில்லை.

பாப்பாவின் அப்பா


மார்ச் 4

அன்புள்ளவருக்கு,

எச்சரிக்கையை ரத்து செய்துவிட்டார்கள். காகிதத்தைக் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால்தான் கொடுக்க முடிந்தது. அந்த இரண்டு நாளை நீங்களே சொன்னதால் பேசாமல் இருக்கிறேன். கோபம் போகவில்லை. அதைவிடப் பெரிய கோபம் இன்னொன்று. வர வேண்டாத நாளெல்லாம் கூப்பிட்டீர்கள். வர வேண்டிய நாளில் கதவைச் சாத்தினீர்கள். நான் வருவேனா மாட்டேனா என்பதை நானல்லவா சொல்ல வேண்டும்? இரண்டு அடி தள்ளி நின்று சாப்பாடு கொடுக்க இந்த வீட்டில் முறையாகப் படித்தவள் நான் ஒருத்திதான். என்னைப் போய் வராதே என்றீர்கள்.

பாப்பா மேசைக்கு அடியில் போனாள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

நம் வீட்டு விஷயம் இங்கே பாடமாகிவிட்டது. மெதுவா மேடம் என்னிடம் அனுமதி கேட்டு அந்தச் சட்டையை எல்லாருக்கும் செய்முறைப் பயிற்சியாக வைத்தாள். இருபது பேரில் பதினோரு பேர்தான் ஏழையும் கண்டுபிடித்தார்கள். ஒருவன் நான்கோடு நிறுத்திவிட்டான். "மீட்டர் பதில் சொல்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போகாதே தம்பி" என்று நான் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டாள்.

சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, சீட்டு ஒட்டி, பூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். அலாரம் அடித்த நாளிலிருந்து எண்பது நாள் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு தருவார்கள்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 18

என் மீட்டர்காரிக்கு,

எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. தூக்கம் வருகிறது. இந்தக் கடிதத்தில் வரி நேராக இருக்கிறதா பார்.

பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, கத்திரிக்கோலை எங்கிட்ட குடு" என்று வாங்கி அவள் பையில் வைத்துக்கொண்டாள். நான்கு நாள் கழித்துத்தான் கொடுத்தாள். இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறாள், நூலை அதில் தொட வேண்டுமாம். பாதி நேரம் மறந்துபோய் வாயில்தான் போகிறது.

மேனேஜர் வீட்டுக்குப் போய் நானே பேண்ட்டை வாங்கிவந்து தைத்துக் கொடுத்தேன்.

அந்தச் சட்டையை வெளியே எடுத்ததும் எனக்கு அனுப்பிவிடு. இருபது பேர் என் காஜாவை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், நினைத்தாலே கூசுகிறது. பிரித்து ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன்.

பாப்பாவின் அப்பா


மே 10

என் அன்புள்ள தையல்காரருக்கு,

தேறிவிட்டேன். எழுத்துப் பரீட்சையில் ஒன்பதாவது, செய்முறையில் இரண்டாவது. முதலிடம் போனது வேகத்தால் இல்லை, தாமதத்தால். கடைசிக் கிளவுஸை முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "அக்கா, இவ்வளவு மெதுவாவும் வேண்டாம்" என்கிறாள் அந்தப் புண்ணியவதி.

வேலை இங்கேயேதான், மூன்று வருடம். இரண்டு அறை உள்ள வீடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் குடியிருப்பில் முந்நூறு பேருக்குக் கை நீளம் சரியில்லாத சீருடை இருக்கிறது, தையல்காரர் ஒருவர்கூட இல்லை. இதை நான் சண்டை போட்டும் சொல்லவில்லை, எதையும் காட்டியும் கூப்பிடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது, உங்களுக்காக நான் எடுக்க மாட்டேன்.

சட்டையை நேற்றுக் கையில் கொடுத்தார்கள். வாங்குவதற்கு முன்னால் நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏழு காஜாவும் மூச்சுக் காட்டவில்லை. ஏனோ தெரியவில்லை, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதையே போட்டுக்கொண்டுதான் இன்றைக்கு முதல் நாள் வேலைக்குப் போனேன். மானிட்டர் பச்சை விளக்கு காட்டியது.

திருப்பி அனுப்பமாட்டேன். ஆறு காஜா கோணலாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், யாரையும் தொட விடமாட்டேன். கடைசி ஏழாவதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பொத்தான் நுழையவில்லை, கை ஓய்ந்துபோய்ச் சின்னதாகப் போட்டுவிட்டீர்கள். இன்றைக்கு முழுக்க ஊக்கு குத்திக்கொண்டு சமாளித்தேன். அது ஒன்றை மட்டும் பிரித்துத் தைக்க வேண்டும், இங்கே வந்துதான் தைக்க வேண்டும்.

ஊசி எடுத்து வாருங்கள். நூலை நான் கோத்துத் தருகிறேன்.

உங்கள் மீட்டர்காரி